பூனைகள் சூடு காய்ந்த வீடு

தவமணி கனடாவில் வாங்கிய முதல் வீடு லொறியில் வந்த வீடு. எழுபதுகளில் ஏதோவொரு தொழிற்சாலையில் சுவர், கூரை, குசினி அலுமாரி எல்லாம் பூட்டி முடித்து, பெருந்தெரு வழியாக இழுத்துவந்து, ஒஷாவாவுக்குச் சற்றுக் கிழக்கே ஒரு பார்க்கில் கொங்கிறீற் கட்டைகளின்மேல் இறக்கிவைத்திருந்தார்கள். ரெயில் பெட்டியொன்றைக் கழற்றி வயலில் விட்டதுபோல நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். அந்தப் பார்க் முழுக்க அப்படியான வீடுகள்தான். வீடு மட்டும் சொந்தம். நிலத்துக்கு மாதாமாதம் வாடகை.

வாங்கியது 1993ஆம் ஆண்டு கோடையில். அதற்குமுன் சென் ஜேம்ஸ் ரவுணில், ஒரு படுக்கையறை அப்பார்ட்மென்றில் இருந்தார்கள். கணவன் ஜெயரட்ணம் டவுன்ரவுண் உணவகமொன்றில் கோப்பை கழுவி, சட்டிகள் தூக்கி, இடுப்பு நாரியை முறித்துக்கொண்டவர். பிறகு ஒஷாவாவில் கார் உதிரிப்பாகங்களைச் சரிபார்க்கும் வேலையொன்று கிடைத்தது. இருந்து செய்யும் வேலை, விட முடியாது. தவமணிக்கு ஸ்காபரோவில் வேலை. படகுகளை மூடும் படங்குகள் தைக்கும் தொழிற்சாலை. சனமெல்லாம் ஸ்காபரோவிலும் மில்லிக்கனிலும் வீடு வாங்கிக்கொண்டிருந்த நேரம். இவர்களுடைய கையிருப்புக்கு அந்த வீடுகளின் படியைக்கூட மிதிக்க முடியாது. இந்த வீட்டை விற்றுவிட்டு ஃபுளோரிடாவுக்குப் போகவிருந்த வயோதிபத் தம்பதி, அலுமாரிகளையும் கட்டிலையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

ஜெயரட்ணத்தின் தமையன் செல்வரட்ணம் மில்லிக்கனிலிருந்து குடும்பத்தோடு பார்க்க வந்தார். வாசலில் நின்றபடியே குனிந்து வீட்டுக்கு அடியைப் பார்த்தார்.

"தம்பி, சில்லைக் கழட்டிப்போட்டாங்களோ? இல்லாட்டி இரவிலை ஆரும் கொழுவி இழுத்துக்கொண்டு போயிடுவாங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். தவமணியும் சிரித்தாள். அவளுக்கு அன்றைக்கு எதுவும் உறைக்கவில்லை. கதவைத் திறந்தால் புல். புல்லுக்கு அங்கால் ஒரு மேப்பிள் மரம். ஏழு வயது மகள் நிலாணி செருப்பில்லாமல் வெளியே ஓடிவிட்டு உள்ளே ஓடி வந்தாள். லிஃப்ற்றுக்குக் காத்திருக்கத் தேவையில்லாத வீடு.

குளிர் தொடங்கியதும்தான் வீட்டின் மறுபக்கம் தெரிந்தது. 1994 ஜனவரியில் ரொறன்ரோப் பக்கமெல்லாம் கடுங்குளிர். வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் நிற்காமல் ஓடியது. எண்ணெய்த் தாங்கி நிரப்பிய வேகத்திலேயே வற்றியது. இவ்வளவு எண்ணெய் குடித்தும் தரையில் கால் வைக்க முடியவில்லை. இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு தவமணி சமைத்தாள். யன்னல் கண்ணாடியில் உட்பக்கமாகப் பனி படர்ந்தது. ஒருநாள் காலை நிலாணி கட்டிலில் எழுந்திருந்து கூப்பிட்டாள்.

"அம்மா, லுக்! பிளாங்கெற் சுவரோடை ஸ்ரக்!"

போர்வையின் ஓரம் சுவரோடு உறைந்து ஒட்டியிருந்தது. தவமணி பிடித்து இழுத்தாள். கிழிகிற சத்தத்தோடு வந்தது. ஜெயரட்ணம் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தவம், உது சரிவராது. அண்ணை தன்ரை பேஸ்மென்ற் சும்மாதான் கிடக்கு எண்டு சொன்னவர். இப்போதைக்கு அங்கை போவம். பனி கரைய உதை வித்துப்போடலாம்."

"ஆர் வாங்குவினம்?"

"எங்களைப்போல ஆராவது விசரர் வருவினம்தானே."

தவமணி போர்வையை மடித்தாள். கனடாவுக்கு வந்த புதிதில் அவர்கள் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் இருந்தவர்கள். மேலே வீட்டுக்காரர் நடக்கும்போது கீழே விளக்கு ஆடும். அவர்கள் சமைத்து முடித்தபிறகுதான் இவள் அடுப்பு மூட்டலாம். குழந்தை அழுதால் மேலேயிருந்து காலால் தட்டுவார்கள்.

"நான் இனி ஒருத்தற்றை காலுக்குக் கீழையும் குடியிருக்க மாட்டன். உங்களுக்கு வேணுமெண்டால் போங்கோ," என்றாள்.

ஜெயரட்ணம் தமையனுக்கு ஃபோன் எடுக்கவில்லை. அவரும் போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். பக்கத்து வரிசையில் இருந்த பேர்ணடெற் என்ற பெண். கியூபெக்கிலிருந்து வந்தவள், கணவன் இல்லை, ஒஷாவாவில் ஒரு மரக்கடையில் காசாளர். அதுவரை கையசைத்ததோடு சரி. இருவருக்கும் ஆங்கிலம் இரவல் மொழி. மற்றவள் நன்றாகப் பேசுகிறாள் என்றே ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"என் பூனை உங்களிடம் இருக்கிறது," என்றாள் பேர்ணடெற்.

"எங்களிடம் பூனை இல்லையே."

"வீட்டுக்குள் இல்லை. வீட்டுக்குக் கீழே. நத்தார் பண்டிகைக்குப் பிறகு சாப்பிட மட்டும்தான் என்னிடம் வருகிறான். இந்தப் பார்க்கில் உள்ள பூனைகள் எல்லாம் உங்கள் வீட்டுக்குக் கீழேதான் படுக்கின்றன. அங்கே சூடாக இருக்கிறது போல."

தவமணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மேலே இருக்கிற நாங்கள் நடுங்குகிறோம், கீழே எப்படிச் சூடு?

அப்படியான வீடுகளைச் சுற்றி, நிலத்துக்கும் தரைக்கும் இடையிலான வெளியை மறைக்கத் தகரம் அடித்திருப்பார்கள். பார்க்கில் அதை 'ஸ்கேர்ட்' என்பார்கள். வீட்டுக்குப் பாவாடை கட்டியதுபோலத்தான் இருக்கும். இரண்டு பெண்களும் பனியை வாரிவிட்டு, ஒரு தகரத்தைக் கழற்றினார்கள். தவமணி ஜெயரட்ணத்தின் பழைய ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, ரோச்லைற்றை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே தவழ்ந்து போனாள். போனதும் முகத்தில் வெப்பக் காற்று அடித்தது.

வீட்டின் வயிற்றுப்பக்கம் முழுவதும் ஒரு தடித்த துணியால் மூடியிருந்தது. அதை நடுவில் ஏதோ பிராணி கிழித்திருந்தது. றக்கூனாக இருக்கும். ரோசா நிறப் பஞ்சு குடல்போலத் தொங்கியது. பஞ்சுக்கு மேலே, ஃபேர்னஸின் சூட்டை அறைகளுக்குக் கொண்டுபோகும் தகரக் குழாய் ஒரு பொருத்தில் கழன்று, ஒரு கை நுழையும் அளவுக்கு வாயைத் திறந்துகொண்டிருந்தது. அந்த வாய்க்கு நேரே கீழே பூனைகள் படுத்திருந்தன. சில கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டன.

வெளியே வந்து விசயத்தைச் சொன்னபோது ஜெயரட்ணம் தலையில் கை வைத்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் பூனையளுக்கோ நாங்கள் எண்ணெய் வாங்கி ஊத்தினது?"

அவரால் நாரியை வளைத்துக் கீழே போக முடியாது. ஆள் பிடித்துச் செய்விக்க வழியில்லை. தவமணியே போனாள். முதல்நாள் குழாயை இழுத்துச் சேர்த்து, வீட்டில் கிடந்த சாம்பல் நிறத் துணி ரேப்பால் சுற்றினாள். இரண்டு கிழமையில் சூட்டுக்குப் பசை காய்ந்து ரேப் சுருண்டு விழுந்தது. பூனைகள் திரும்பி வந்தன. பேர்ணடெற் தன் கடையில் விசாரித்து, ஈயத்தாள்போல மினுங்கும் வேறொரு ரேப் கொண்டுவந்தாள். இந்தமுறை குழாய்ப் பொருத்தைத் திருகாணி போட்டு இறுக்கிவிட்டு, அதற்குமேல் அந்த ரேப்பை ஒட்டினார்கள்.

ஒழுக்கு நின்றதா என்று பார்ப்பதற்கு ஜெயரட்ணம் ஒரு வழி கண்டுபிடித்தார். தரையில் சூடு வரும் துவாரத்தின் மூடியைக் கழற்றிவிட்டு, குப்புறப் படுத்து, அதற்குள் வாயை வைத்துக் கத்தினார்.

"தவம்! கேக்குதோ?"

கீழே தவமணிக்குக் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோலக் கேட்டது.

"இன்னும் கேக்குது!" என்று அவள் பதிலுக்குக் கத்தினாள். சத்தம் வந்த பக்கமாகத் தவழ்ந்துபோய் அடுத்த பொருத்தைத் தடவினாள். அங்கேயும் ஒரு வெடிப்பு. அதையும் ஒட்டினாள். அப்படியே பொருத்துப் பொருத்தாக நகர்ந்து, கடைசியில் அவர் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் மறுகோடி அறையில் துவாரத்தருகே இருந்த நிலாணி, "அப்பா, ரூ லவுட்!" என்று காதைப் பொத்தினாள். சூடு இனிப் போகவேண்டிய இடத்துக்குத்தான் போகும் என்று தெரிந்தது.

அன்று இரவு தரை வெதுவெதுப்பாக இருந்தது. மறுநாள் காலை குசினிக் குழாயில் தண்ணீர் வரவில்லை.

ஜெயரட்ணம்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். தண்ணீர்க் குழாயும் வீட்டுக்கு அடியால்தான் ஓடியது. பூனைகளுக்குப் போன சூடு அதையும் உறையாமல் காப்பாற்றி வந்திருக்கிறது. ஒழுக்கை அடைத்ததும் கீழ்ப்பக்கம் வெளிக்குளிராகிவிட்டது. தவமணி தலைமயிர் உலர்த்தும் மெஷினோடு மறுபடி கீழே போய், குழாயை அங்குலம் அங்குலமாகச் சூடாக்கினாள். அரை நாள் போனது. அவள் வெளியே வந்தபோது முழங்கை இரண்டும் தோலுரிந்திருந்தன.

"போதும், விடும்," என்றார் ஜெயரட்ணம். "அண்ணைக்கு ஃபோன் எடுக்கிறன்."

"பாதி வேலையிலை விட்டால்தான் நட்டம். கிழிஞ்ச வயித்தைத் தைச்சால் குழாயும் உள்ளுக்கை வந்திடும். பிறகு அதுக்கும் சூடுதானே?"

தைப்பது அவளுக்குத் தெரிந்த வேலை. தொழிற்சாலையில் சாயம் மங்கியதென்று ஒதுக்கிய நீலப் படங்குத் துணி மூலையில் கிடந்தது. முதலாளியிடம் கேட்டாள். எதற்கென்றார். வீட்டுக்கு வயிறு தைக்க என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, எடுத்துக்கொண்டு போ என்றார். மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில், படங்கு தைக்கும் மெஷினிலேயே பெரிய ஒட்டுத்துண்டொன்று தைத்தாள். பேர்ணடெற்றின் கடையில் பை கிழிந்த பஞ்சை மலிவாகத் தள்ளிவிடுவார்கள். அதை அவள் தன் காரில் ஏற்றி வந்தாள். தண்ணீர்க் குழாயைச் சுற்றியும் தரைச் சட்டங்களுக்கு இடையிலும் பஞ்சை வைத்து, நீலத் துணியை இழுத்து, ஜெயரட்ணம் மேலே அறுத்துக் கொடுத்த மரச் சலாகைகளால் விளிம்பை அடித்து முடிக்க மாசி மாதமாகிவிட்டது.

அதற்குப்பிறகு குழாய் உறையவில்லை. எண்ணெய் லொறி வரும் இடைவெளி நீண்டது. பேர்ணடெற்றின் பூனை மனமில்லாமல் தன் வீட்டுக்குத் திரும்பியது.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் தவமணிக்கு வெற்றி தலைக்கேறிவிட்டது. அடுத்த இலையுதிர் காலம் முழுவதும், குளிர் வரும் வழிகளைத் தேடுவதே அவளுக்கு வேலை. ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு சுவரோரமாக நடப்பாள். புகை எங்கே வளைகிறதோ அங்கே ஒரு ஓட்டை. யன்னல்களுக்குப் பிளாஸ்ரிக் தாள் ஒட்டினாள். கதவுக்கு நுரைப்பட்டி வைத்தாள். குசினிப் புகை வெளியே போகும் துவாரத்தில் புகை வளைந்தது. அதற்குள் பழைய சீலைத்துண்டை அடைத்தாள். குளியலறைத் துவாரத்துக்குப் பொலித்தீன் பைகள். ஃபேர்னஸுக்குக் காற்று வரும் குழாயை மட்டும் ஜெயரட்ணம் தொடவிடவில்லை. அதையும் அடைத்திருந்தால் நச்சுப்புகை உள்ளே நிறைந்து கேடு பெரிதாகியிருக்கும்.

"இனி ஊசிகூட உள்ளை வராது," என்று அவள் பேர்ணடெற்றிடம் சொன்னாள்.

1995 தைப்பொங்கலுக்குச் செல்வரட்ணம் குடும்பம் வந்தது. வெளியே பனி முழங்கால் அளவு. அடுப்பில் பொங்கல், இன்னொன்றில் கத்தரிக்காய்க் குழம்பு, மூன்றாவதில் தேத்தண்ணிக்குத் தண்ணீர். செல்வரட்ணம் ஜக்கெற்றைக் கழற்றினார், பிறகு சுவெற்றரையும் கழற்றினார்.

"பிள்ளை, எங்கட வீட்டைவிட உது வெப்பமாயெல்லோ கிடக்கு!"

தவமணிக்கு உடம்பு பூரித்தது. அவள் நீல வயிற்றின் கதையைச் சொல்லத் தொடங்கியபோது, செல்வரட்ணத்தின் நெற்றியில் ஒரு துளி தண்ணீர் விழுந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். அடுத்த துளி அவருடைய பொங்கலில் விழுந்தது.

"கூரை ஒழுகுதோ?"

"மழையே இல்லை, அண்ணை, எப்பிடி ஒழுகும்?" என்றார் ஜெயரட்ணம்.

முகட்டில் தண்ணீர் முத்து முத்தாக வியர்த்திருந்தது. சமையல் ஆவி, குளியல் ஆவி, ஐந்தாறு பேரின் மூச்சு, வீட்டுக்குள் உலரப்போட்ட உடுப்புகளின் ஈரம், எதற்கும் வெளியே போக வழியில்லை. குளிர்ந்த இடத்தைத் தேடிப்போய் அங்கே தண்ணீராகியிருந்தது. விருந்தினர் போனபிறகு ஜெயரட்ணம் நிலாணியின் அறையில் உடுப்பு அலுமாரியை இழுத்தார். அதன் பின்னால் சுவர் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது.

நிலாணிக்கு மார்கழியிலிருந்தே இருமல். சளித் தடிமன் என்று நினைத்திருந்தார்கள். பொங்கல் கழிந்த கிழமை, பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. ஜெயரட்ணம் காரை எடுக்க, தவமணி பின்சீற்றில் அவளை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். முகமூடியால் மருந்துப் புகை கொடுத்தார்கள். டொக்டர் இளம் பெண். வீட்டில் யாரும் சிகரெட் குடிக்கிறார்களா, நாய் பூனை உண்டா என்று கேட்டாள்.

"வீட்டில் ஈரமோ பூஞ்சணமோ இருக்கிறதா?"

"இல்லை," என்றாள் தவமணி உடனேயே. பிறகு முகமூடிக்குள் மகளின் வாயைப் பார்த்தாள். "இருக்கிறது. சுவரில் நிறைய இருக்கிறது," என்றாள்.

மூச்சு சீரானதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பினார்கள். பார்க்குக்குள் கார் திரும்பியபோது ஜெயரட்ணம் சொன்னார்.

"சூட்டைப் பிடிச்சு வைச்சனீர், சரி. பிள்ளையின்ரை மூச்சையுமெல்லோ சேத்துப் பிடிச்சுப்போட்டீர்."

அது அவளுக்கு ஆழமாகத் தைத்தது. அழுதாள், ஆனால் அழுதுகொண்டே கதிரை வைத்து ஏறி, குளியலறைத் துவாரத்திலிருந்த பைகளை ஒவ்வொன்றாக இழுத்தெறிந்தாள். குசினிச் சீலைத்துண்டை எடுத்தபோது அது ஈரத்தில் ஊறிப் பாரமாக இருந்தது. அன்றைக்கு நிலாணியை வரவேற்பறை சோஃபாவில் படுக்க வைத்தார்கள். அடுத்த நாட்களில் ஜெயரட்ணம் அந்தச் சுவரின் உளுத்த பலகையை வெட்டி எறிந்து புதிதடித்தார். நாரி நோவென்று ஒருநாளும் சொல்லவில்லை. குளியலறைக்கு வெளிக்காற்றில் திறக்கும் சிறு விசிறி பூட்டினார்கள். சமைக்கும்போது குசினி விசிறி ஓடவேண்டும் என்பது வீட்டுச் சட்டமாயிற்று. கட்டிலும் அலுமாரியும் சுவரிலிருந்து தள்ளி நின்றன. பனி கரைந்ததும் தவமணி மறுபடி கீழே போய், ஈர மண்ணின்மேல் தடித்த பிளாஸ்ரிக் விரித்தாள். நிலத்து ஈரம் மேலே ஏறக்கூடாதென்று.

அடுத்த குளிருக்கு எண்ணெய் சற்றுக் கூடப் போனது. ஆனால் முகடு வியர்க்கவில்லை. நிலாணிக்கு மூச்சு முட்டு முழுதாக விட்டுப்போகவில்லை. மருந்தை உள்ளிழுக்கும் பம்ப் ஒன்று எப்போதும் பள்ளிக்கூடப் பையில் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வரவில்லை.

பேர்ணடெற் தன் வீட்டையும் பார்க்கச் சொன்னாள். தவமணி தயங்கினாள்.

"நான் என் பிள்ளையையே நோயாளியாக்கினேன்."

"அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். எதை அடைக்கக்கூடாது என்று இப்போது உனக்குத் தெரியும்," என்றாள் பேர்ணடெற்.

இருவரும் சேர்ந்து அவளுடைய வீட்டைச் செய்தார்கள். பிறகு அடுத்த வரிசையில் ஒன்று, அதற்குப்பிறகு இன்னொன்று. சிலர் காசு கொடுத்தார்கள். ஒருவர் பனிக்கால ரயர் கொடுத்தார். ஒரு கிழவி ஒவ்வொரு வெள்ளியும் அப்பிள் பை சுட்டுக் கொண்டுவந்தாள். தவமணி போகும் வீட்டிலெல்லாம் முதலில் குளியலறை விசிறியைப் போட்டு, ஒரு கடதாசித் துண்டை அதில் பிடித்துப் பார்ப்பாள். கடதாசி ஒட்டினால்தான் கீழே இறங்குவாள்.

1997இல் படங்குத் தொழிற்சாலையை மூடினார்கள்; வேலை மெக்சிக்கோவுக்குப் போய்விட்டது. தவமணியோடு தைத்த பெண்கள் வேறு தொழிற்சாலை தேடினார்கள். அவளும் இரண்டு இடத்தில் விண்ணப்பித்தாள். அதற்கிடையில் வடக்கே வேறொரு பார்க்கின் மனேஜர், தன்னிடமுள்ள வாடகை வீடுகளையெல்லாம் குளிருக்குமுன் செய்து தர முடியுமா என்று கேட்டு ஆள் அனுப்பினார். பேர்ணடெற் மரக்கடை வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். பழைய வான் வண்டியொன்று வாங்கினார்கள். தவமணி வானை ஓட்ட, பேர்ணடெற் வழி சொல்ல, வழி தவறிப் பிரெஞ்சிலும் தமிழிலும் ஏசிக்கொண்டு போவார்கள்.

சொந்தக்காரர்களுக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கலியாண வீடுகளில் செல்வரட்ணத்தின் மனைவி, "தவமணிக்கு ஏதோ கொன்ஸ்ரக்ஷன் சைட்டாம்" என்று சொல்லிவைப்பாள். தவமணி திருத்துவாள்: "வீட்டுக்குக் கீழை படுத்துக் கிடந்து செய்யிற வேலை அக்கா." கேட்டவர்கள் அவளுடைய காஞ்சிபுரத்தைப் பார்த்துவிட்டு, பகிடி விடுகிறாள் என்று எண்ணிக்கொள்வார்கள்.

1999ஆம் ஆண்டு புரட்டாசியில் பார்க்கில் ஒரு வீடு விலைக்கு வந்தது. பார்க்க வந்தது கிருபன், கௌசி என்ற இளம் சோடி. ஸ்காபரோவில் பேஸ்மென்ற் வாடகையில் இருப்பவர்கள். கௌசிக்கு ஆறு மாதம். யாரோ சொல்லி, கையெழுத்து வைக்கமுன் தவமணியிடம் வந்தார்கள்.

"அன்ரி, விண்ரருக்கு இதுக்குள்ளை இருக்கலாமோ? எல்லாரும் வேண்டாம் எண்டுதான் சொல்லுகினம்," என்றான் கிருபன்.

"பாக்காமல் சொல்லக்கூடாது, தம்பி. நில்லும், வாறன்."

அவள் உடுப்பை மாற்றிக்கொண்டு போய், தகரத்தைக் கழற்றி, உள்ளே போனாள். அவர்கள் இருவரும் புல்லில் நின்று காத்திருந்தார்கள். வீட்டுக்கு அடியால் அவள் தட்டித் தட்டிப் பார்க்கும் சத்தம் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனது. வெளியே வந்து உள்ளே ஏறி, குளியலறையையும் அலுமாரிகளுக்குப் பின்பக்கத்தையும் பார்த்தாள். வந்து கையிலிருந்த தூசியைத் தட்டினாள்.

"குழாய் ரெண்டு இடத்திலை விட்டிருக்கு. வயிறு பின்பக்கம் கிழிஞ்சிருக்கு. குளிக்கிற அறைக்கு விசிறி இல்லை, அது கட்டாயம் போடவேணும், பிள்ளை பிறக்கப்போகுதெல்லோ. சட்டமெல்லாம் நல்ல மரம், உளுக்கேல்லை. வாங்கலாம். ஆனால் உதுகளைச் சொல்லி விலையைக் குறையுங்கோ."

கிருபன் மனைவியைப் பார்த்தான்.

"எவ்வளவு நாள் வேலை அன்ரி?" என்று கேட்டாள் கௌசி.

"பனி கொட்டமுதல் முடிக்கலாம். நீர் கீழை வரேலாது, உமக்கு மேலை வேலை தாறன். கிருபன், உம்மட்டைப் பழைய ஜக்கெற் ஒண்டு இருக்கோ?"

"ஓம், இருக்கு."

"அப்ப சனிக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு வாரும்," என்றாள் தவமணி. தகரத்தைத் திரும்பப் பூட்டுவதற்காகக் குனிந்தாள்.